நடுக்கடலில் வாங்கிய கசையடி

மரகதபுரி ராஜா கடலுக்குப் போனாலும் நாக்கைக் கரையில் விட்டுவிட்டுப் போகமாட்டார். கப்பலில் அவருக்குச் சமைத்தவன் பிச்சைக்கனி, அசலூர்க்காரன். உள்ளூர்ப் பெண்ணைக் கட்டியவன், குடியுரிமை கேட்டுச் சபையில் வந்து நின்றான்.

மந்திரி மீசையை முறுக்கினார். "மூன்று வருஷம் இந்த மண்ணில் வாழ்ந்திருக்க வேண்டும். நீ கப்பலிலேயே கிடந்தாய். கடல் நம் நாடாகுமா? பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டு ஓடு!"

பிச்சைக்கனி திரும்பி முதுகுத் தழும்புகளைக் காட்டினான்.

"மந்திரி ஐயா, மீன்குழம்பில் உப்புக் கூடிவிட்டதென்று, இந்நாட்டுச் சட்டப்படி நடுக்கடலில், கப்பலில் கூட வந்த நீங்கள்தானே சாட்டையால் வெளுத்தீர்கள்? கடல் வேற்று நாடென்றால் அந்தச் சட்டம் அங்கே செல்லாதே; வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துவிட்டே போகிறேன். கொஞ்சம் திரும்புகிறீர்களா?"

ராஜா சிரித்துக்கொண்டே முத்திரையை எடுத்தார். மந்திரியின் கை தானாக முதுகைத் தடவியது.