பானகம் யாருக்கு?

ஆற்றங்கரை மடத்தில் அன்று குருபூசை. இறைவனுக்குப் படைக்கக் கரைத்து வைத்திருந்த பானகத்தைப் பூசை வேளையில் காணவில்லை.

எடுத்தவர் திருமேனித் தம்பிரான். விடியலில் மடத்தின் கொல்லை வாசலுக்கு ஒருத்தி ஓட்டிவந்த பசு, வயிறு ஊதி அங்கேயே படுத்துவிட்டது. சுக்கும் மிளகும் வெல்லமும் கலந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது பானகம் ஒன்றுதான். மூங்கில் குழாயில் ஊற்றிப் பசுவுக்குப் புகட்டிவிட்டார்.

துறவு பூண்ட நாள்முதல் இதே கதைதான். பூசையில் அமர்ந்தால் மனம் தொழுவத்தில் நிற்கும். மாட்டு வைத்தியனாய் ஊரோடு வாழ்வதே தம் இயல்பென்று அவருக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. குருவிடம் சொல்லத்தான் நா எழவில்லை. காவியைக் களைபவர் கொல்லை வாசல் வழியே போய்விட வேண்டும், மீண்டும் குருவின் முகத்தில் விழிக்கலாகாது என்பது அம்மடத்து வழக்கம்.

"பசுவுக்குப் பானகம் ஆயிற்று. எருமை வந்தால் சர்க்கரைப் பொங்கலா?" என்று மடைப்பள்ளித் தம்பிரான் இடித்துரைத்தார்.

குரு ஐயாறப்ப சுவாமிகள் வெறுந்தண்ணீரைப் படைத்துப் பூசையை முடித்தார். பிறகு திருமேனியாரை அழைத்தார்.

"பசு எழுந்ததா?"

"எழுந்து நின்றது, சுவாமி. மறுபடி படுத்திருக்கிறது."

"அசை போடுகிறதா?"

"போடுகிறது, சுவாமி." சொல்லும்போதே தம்பிரானின் முகம் மலர்ந்துவிட்டது. பூசையில் ஒருநாளும் வாராத மலர்ச்சி. குரு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? தம்பிரான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கடைசியில் கேட்டார்: "காவியைக் களைந்தால் அடியேனை இறைவன் கைவிட்டுவிடுவானா, சுவாமி?"

குரு கை நீட்டி, சீடரின் இடுப்பில் செருகியிருந்த மூங்கில் குழாயை வாங்கினார். உள்ளங்கையில் கவிழ்த்தார். இரண்டொரு துளி விழுந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு அருந்தினார்.

"சுவாமி, அது மாடு வாய்வைத்தது" என்று பதறினார் தம்பிரான்.

"படைத்தாகிவிட்டதே அப்பா, எனக்கும் பிரசாதம் வேண்டாமா? மிளகுதான் சற்றுத் தூக்கல்."

திருமேனியார் விழுந்து வணங்கினார். காவித் துண்டை மடித்துக் குருவின் திருவடியில் வைத்தார். வழக்கப்படி கொல்லைப் பக்கம் திரும்பினார்.

"அங்கே எங்கே போகிறாய்?" என்றார் குரு. "வாசலை அடைத்துக்கொண்டு பசு படுத்திருக்கிறது. அதை எழுப்பாதே. முன்வாசல் வழியே போ. வரும்போதும் அப்படியே வா."