சூசைநாதர் கல்லறையில் கரிசல் மண்

காலராவில் தெருவோரம் கிடந்த பிணங்களைப் பெற்ற பிள்ளைகளே தொடப் பயந்த காலத்தில், புனித சூசைநாதர் அவற்றைத் தோளில் சுமந்துபோய்ப் புதைத்தார். கடைசியில் அதே நோயில் போனார். அவர் கல்லறையை மூடாமல் செம்மண் நிரப்பி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள்.

அன்று வந்த செபஸ்தியம்மாள் அள்ளவில்லை. முந்தானையை அவிழ்த்து, ஒரு பிடி கரிசல் மண்ணைக் கல்லறையில் போட்டாள்.

அங்கே நின்ற சீடர் பாக்கியநாதன் பதறிவிட்டார். "என்னம்மா இது?"

"எம்மவன் அடைக்கலம், சாமி. தூக்குப் போட்டுக்கிட்டான். கல்லறைத் தோட்டத்துல எடமில்லன்னு சுவருக்கு வெளிய பொதச்சுட்டாங்க. தீர்த்தம் தெளிச்சுக் குழிய மந்திரிக்கக்கூட இல்ல. அவன் குழி மண்ணுதான் இது. இவரு பக்கத்துலயாவது கெடக்கட்டும்."

அழாமல் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பாக்கியநாதன் நல்லவர்தான். சட்டம் என்று வந்தால் மட்டும் இரக்கத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவார். நேராகத் தம் குருவான அருளப்ப சாமியிடம் போனார்.

"சாமி, தற்கொலை செய்த மகனின் குழி மண்ணை ஒரு தாய் கொண்டுவந்து போட்டுவிட்டாள். புனிதருடைய மண் தீட்டுப்பட்டுவிட்டது."

"எது அவள் போட்டது என்று தெரிகிறதா?"

"தெரியாமல் என்ன? கறுப்பாகக் கிடக்கிறது."

"அப்படியானால் எடுத்துவிடு." மண்வெட்டியைக் குருவே எடுத்துக் கொடுத்தார்.

பாக்கியநாதன் கரிசலைச் சுரண்டி வெளியே கொட்டிவிட்டு வந்தார். அதே இடத்தில், சற்றுக் கீழே, இன்னும் கறுப்பு இருந்தது. அதையும் எடுத்தார். அதற்குக் கீழேயும் இருந்தது. நல்ல பகல் வெளிச்சம், சுற்றிலும் யாரும் இல்லை. தோண்டத் தோண்டக் கரிசல் அகன்றுகொண்டே போய், ஓர் ஆள் படுத்த நீளத்துக்கு வந்தது. கை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. கைக்கு அடியில் அது மெல்ல உள்ளே இறங்கியது.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

"சாமி, அவள் போட்டது ஒரு பிடிதான். எடுக்க எடுக்கக் கீழே போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது."

குரு வந்து குழியை எட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"மேலிருந்து நீ எடுக்கிறாய். கீழிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டிருக்கிறார். போய்த் தீர்த்தம் எடுத்து வா, பாக்கியநாதா. அடக்கம் நடக்கிற இடத்தில் நாம் இரண்டு பேரும் சும்மா நிற்கக் கூடாது."