கல் விழுங்கிய கொம்பையா

காட்டாற்றில் ஆனைமடு என்று ஓர் ஆழமான மடு. அதில் கொம்பையா என்ற முதலை குடியிருந்தான். ஆள் வாட்டசாட்டமானவன். வாயைத் திறந்தால் பல்வரிசை பளிச்சென்று இருக்கும். ஆனால் அவனுக்கு ஒரு குறை. முதலையாகப் பிறந்தும் முங்கத் தெரியாது.

சிரிக்காதீர்கள். தப்பு முழுவதும் அவனுடையது இல்லை. அவன் வளர்ந்தது ஒரு முதலைப் பண்ணையின் சிமெண்டுத் தொட்டியில். அங்கே தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறாது. வேளாவேளைக்கு இறைச்சித் துண்டு வந்து மூக்குக்கு முன்னால் விழும். அப்புறம் எதற்கு முங்க வேண்டும்? ஐப்பசி மழையில் வெள்ளம் வந்து பண்ணைச் சுவர் இடிந்தது. வெள்ளத்தோடு வெள்ளமாக அவனும் இந்த மடுவுக்கு வந்து சேர்ந்தான்.

வந்த புதிதில் பிழைப்பு எப்படியோ ஓடியது. மழை நின்று வெயில் ஏறியதும் மீன்களெல்லாம் குளிர்ச்சி தேடி மடுவின் அடிக்குப் போய்விட்டன. கொம்பையா மட்டும் மேலே மிதந்தான். தலையை முக்கினால் வால் எழும்பும். வாலை அமுக்கினால் வயிறு எழும்பும். கொக்குகள் அவன் முதுகில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசின. வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கியது, பசி ஒரு பக்கம் பிடுங்கியது. விலா எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது. இப்படியே போனால் இந்தக் கோடையைத் தாண்ட மாட்டோம் என்பது அவனுக்கே தெரிந்துவிட்டது.

அதே மடுவில் அழகம்மை என்று ஓர் ஆமை இருந்தாள். அவளுக்கும் ஏறக்குறைய அவன் வயதுதான். நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம்.

"என்ன கொம்பையா, இன்னிக்கும் கொக்குக்கெல்லாம் தெப்பம் ஓட்டறியா?" என்றாள்.

"கேலி பண்ணாதே அழகம்மை. உடம்பு கீழே போகவே மாட்டேங்குது."

"வயித்துல கல்லு இருக்கா?"

"கல்லா?"

"அட, உங்க ஆளுங்க கூழாங்கல் முழுங்குவாங்களே! கீழாத்துல இருக்கிற முதலை ஒவ்வொண்ணு வயித்துலயும் நாலு கல்லு கிடக்கும். அதுதான் உடம்பை அமுக்கிக் கொடுக்கும்."

கொம்பையாவுக்கு அது புதுச் செய்தி. தொட்டியில் இதையெல்லாம் யார் சொன்னார்கள்?

"நாலு கல்லு போதும்," என்றாள் அழகம்மை. "மிச்சமெல்லாம் மூச்சுதான். மூச்சை இழுத்தா மேலே வருவே. கொஞ்சம் விட்டா கீழே போவே. மேலேயும் போகாம கீழேயும் போகாம நடுத்தண்ணியில நிக்கப் பழகு. அது வந்தப்புறம் ஆழம் போகலாம். இறங்கும்போது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கு. இந்த மடுவுல அதுதான் வழக்கம்."

கொம்பையா நாலு கல் விழுங்கினான். இறங்கிப் பார்த்தான். கொஞ்சம் மூச்சு விடு என்றால் பொசுக்கென்று மொத்தத்தையும் விட்டான். கல்போல அடியில் போய் உட்கார்ந்தான். சேறு கலங்கி மீனெல்லாம் ஓடியது. பயந்துபோய் மேலே வந்து, மறுபடி நெஞ்சு முட்ட மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கப் பார்த்தான். சுரைக்குடுக்கை மாதிரி மிதந்தான். நாளெல்லாம் இதே கூத்து. ஒரு தடவையாவது நடுவில் நின்றானா என்றால் இல்லை.

"வரும், வரும். அவசரப்பட்டா ஆகாது," என்று சொல்லிவிட்டு அழகம்மை எதிர்க்கரையில் வெயில் காயப் போனாள்.

பசித்த வயிற்றுக்குப் பொறுமை ஏது? கொம்பையா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தான். அந்த நேரம் பார்த்து நீர்மருதுக் கிளையிலிருந்து ஒரு குரல் வந்தது. சிச்சிலி என்ற மீன்கொத்தி. வாயை மூடவே தெரியாத பேர்வழி.

"அண்ணே, நானும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். நடுத்தண்ணியில நின்னு என்ன கிடைக்கும்? மீன் என்ன நடுவுலயா உட்கார்ந்திருக்கு? முங்குறதுன்னா என்னன்னு காட்டறேன், பாருங்க."

தொபுக்கென்று ஒரு பாய்ச்சல். சிச்சிலி அலகில் ஒரு பொடிமீனோடு கிளைக்குத் திரும்பிவிட்டான்.

"பார்த்தீங்களா? பாரமும் வேகமும்தான் வித்தை. உங்க உடம்புக்கு நாலு கல்லு எந்த மூலைக்கு? வயிறு நிறையப் போடுங்க. சர்ருன்னு இறங்கிடலாம்."

"அழகம்மை நாலு போதும்னு சொன்னாளே?"

"அவங்க ஆமை அண்ணே. பொழுது விடிஞ்சா கரையேற பொழுது சாயும். நீங்க முதலை இல்லையா?"

சிச்சிலி அவனைக் கெடுக்க நினைக்கவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். தெரியாததையும் அதே தைரியத்தோடு சேர்த்துச் சொன்னான், வினை அங்கேதான் இருந்தது.

கொம்பையாவுக்கு அந்தப் பேச்சு இனித்தது. நீ முதலை இல்லையா என்று கேட்டால் யாருக்குத்தான் ரோஷம் வராது? கரையோரம் கிடந்த கூழாங்கற்களைக் கபக் கபக்கென்று விழுங்கினான். வயிறு தரையில் உரசுகிற வரைக்கும் விழுங்கினான். அழகம்மையிடம் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று தோன்றியது. சொன்னால் தடுப்பாள். பெரிய மீனோடு போய் அவள் முன்னால் நிற்கலாம் என்று நினைத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

என்ன வேகம்! காது விண்ணென்றது. வெளிச்சம் மஞ்சளாகி, பச்சையாகி, இருட்டாகியது. அடியில் ஒரு பக்கம் பாறை குடைபோல் நீண்டிருந்தது. அதன் கீழே குளிர்ந்த தண்ணீரில் விரால் மீன்கள் படுத்துக் கிடந்தன. கொம்பையா பாய்ந்தான். ஒரு பெரிய விரால் வாயில் அகப்பட்டது. எத்தனை நாள் பசி! அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வாலை அடித்து மேலே கிளம்பினான். கிளம்பவில்லை.

இன்னொரு முறை அடித்தான். உடம்பு ஒரு சாண் எழுந்து மறுபடி சேற்றில் விழுந்தது. வயிற்றுக்குள் கற்கள் கடகடவென்று உருண்டன. நாலு காலாலும் பிறாண்டினான். சேறு கிளம்பிக் கண்ணை மறைத்தது. வாயைத் திறந்தான், விரால் தப்பித்துப் போனது. அதோடு மூச்சும் கொத்துக் கொத்தாய்க் குமிழிவிட்டுப் போனது. மூச்சு போகப் போகப் பாரம் இன்னும் கூடியது. இங்கேயே செத்துப் போவோம், யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது என்று நினைத்தான். அழுகை வந்தது.

மேலே சிச்சிலி எதிர்க்கரைக்குப் பறந்து போய் பீற்றிக்கொண்டிருந்தான்.

"அழகம்மைக்கா, அண்ணன் வயிறு முட்டக் கல்லு போட்டுக்கிட்டு இறங்கிட்டார். உள்ளே பெரிய விருந்துபோல இருக்கு. குமிழியா வருது பாருங்க."

அழகம்மை அந்தக் குமிழியைப் பார்த்தாள். பதில் சொல்ல நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டு தண்ணீரில் விழுந்தாள்.

கலங்கிய சேற்றுக்குள் கொம்பையாவின் முகத்துக்கு நேரே அவள் குரல் கேட்டது.

"அசையாதே. வாலை நிறுத்து. நான் இங்கேதான் இருக்கேன்."

அவன் நிறுத்தினான்.

"இருக்கிற மூச்சைச் சிந்தாதே. கல்லைக் கக்கு. ஒவ்வொண்ணா."

ஒரு கல்லைக் கக்கினான். தொண்டை எரிந்தது. இன்னொரு கல். அப்புறம் பயம் அவனை முந்திக்கொண்டது. ஒவ்வொன்றாவது, மண்ணாவது! குமட்டிக் குமட்டி மொத்தத்தையும் கொட்டிவிட்டான். பாரம் போன உடம்பு விருட்டென்று கிளம்பியது. தலைக்கு மேலே குடைப்பாறை. அந்த வேகத்தில் மோதினால் மண்டை தேங்காய்ச் சில்லுதான்.

அழகம்மை அவன் வாலை எட்டிக் கவ்விக்கொண்டாள்.

"மூச்சை விடு!" என்று வாலை விடாமலே கத்தினாள். "மேலே போகப் போக நெஞ்சுக்குள்ள காத்து விரியும். வேகம் கூடிக்கிட்டே போகும். கொஞ்சம் கொஞ்சமா விடு."

மூச்சுக்குத் தவிக்கிறவனிடம் மூச்சை விடு என்றால் எப்படி இருக்கும்? மிச்சம் இருப்பதே ஒரு வாய்க் காற்று. அதையும் கொடுப்பதா? நெஞ்சு மாட்டேன் என்றது. ஆனால் சிச்சிலி பேச்சைக் கேட்டு அடிக்கு வந்தாகிவிட்டது, இப்போது வாலைப் பிடித்துக்கொண்டு கூடவே இருப்பவள் சொல்வதைக் கேட்காமல் யார் சொல்வதைக் கேட்பது? கொம்பையா கண்ணை மூடிக்கொண்டு மெல்ல விட்டான். ஒரு குமிழி. இன்னொரு குமிழி.

உடம்பு தயங்கியது, நின்றது. பாறைக்கும் அவன் மூக்குக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணீர் இருந்தது.

"அப்படித்தான்," என்றாள் அழகம்மை. "இப்ப பாறையை விட்டு இந்தப் பக்கம் நகரு. மெதுவா வா. நானும் வர்றேன்."

இருவரும் மெதுவாக ஏறினார்கள். தலை வெளியே வந்ததும் கொம்பையா இழுத்த மூச்சில் கரை நாணலே ஆடியது.

சிச்சிலி கிளையில் துள்ளினான். "எங்கே அண்ணே மீன்? கல்லு பத்தலையோ?"

கொம்பையாவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. "சிச்சிலி, நீ எவ்வளவு ஆழம் போவே?" என்று கேட்டான்.

"நானா? ஒரு முழம் இருக்கும்."

"ஒரு தடவையாவது அடியைத் தொட்டுட்டு ஏறி வந்திருக்கியா?"

சிச்சிலி தலையைச் சொறிந்தான். சத்தம் காட்டாமல் வேறு மரத்துக்குப் போய்விட்டான்.

"எனக்கு உசிரே போயிடுச்சு, தெரியுமா?" என்றாள் அழகம்மை. "உன் பல்லையும் வாலையும் பார்த்து ஊரே பயப்படுது. நான் இன்னிக்குத்தான் பயந்தேன்."

"தப்புதான்," என்றான் கொம்பையா.

அன்று அவன் பட்டினி. மறுநாளும் பட்டினிதான். மறுபடி நாலே நாலு கல்லை விழுங்கிக்கொண்டு, அழகம்மை பக்கத்தில் இருக்க, இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தான். மூச்சைத் துளி இழுப்பான், துளி விடுவான். அதற்கடுத்த நாள் சாயங்காலம் எப்படியோ அது வந்துவிட்டது. கையும் காலும் ஆடாமல், சேறு கலங்காமல், பாதி ஆழத்தில் மரக்கட்டைபோல் நின்றான். எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்கே தெரியாது. ஆழத்திலிருந்து ஒரு விரால் மெல்ல ஏறி வந்தது. யாரோ விட்ட கட்டை என்று நினைத்து அவன் மூக்கடியிலேயே வந்து நின்றது.

கொம்பையா வாயை மட்டும் திறந்தான்.

எவ்வளவு ஆழம் போகலாம் என்று கேட்கும் முன், எப்படித் திரும்பி வருவது என்று கற்றுக்கொள்பவனே பிழைப்பான்.