மாப்பிள்ளைக்குக் கழுத்து இடப்பக்கம்

புதுக்குளத்தில் பந்தல் போடும் மூன்று பேருக்கும் சேர்த்துக் கடவுள் ஒரு மூளைதான் கொடுத்திருந்தார். அது எந்த நாளில் யாரிடம் இருக்கிறது என்பது மூவருக்குமே தெரியாது.

மேஸ்திரி ஆண்டியப்பன், கொம்பையா, தவசிக்கண்ணு. இதில் தவசிக்கண்ணுவுக்கு முப்பத்தேழு வயது. ஒன்பது இடத்தில் பெண் பார்த்து ஒன்பதும் தட்டிப்போய்விட்டது. பத்தாவதாக வெள்ளிக்கிழமை கனியம்மாளைப் பார்க்கப் போகவேண்டும். பாவம், புதன்கிழமை அவன் கழுத்து இடப்பக்கம் சாய்ந்துவிட்டது.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தவனை டாக்டரம்மா நடக்கச் சொல்லிப் பார்த்தார்.

"கோளாறு கழுத்துல இல்ல. குதிகால் கன்றிப்போயிருக்கு. நொண்டி நொண்டி இடுப்பு கோணி, கழுத்தும் பிடிச்சிருக்கு. வலி கால்ல இருந்துதான் மேல ஏறுது. கால்ல எது உறுத்துதுன்னு பாருங்க."

வெளியே வந்ததும் மூவர் மாநாடு கூடியது.

"ஏறுதுன்னா வழியில மறிக்கணும்லா?" என்றான் கொம்பையா.

பந்தல் கயிற்றால் முழங்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டினார்கள்.

"வலி தெரியுதாலே?" என்றார் மேஸ்திரி.

"காலு இருக்கான்னே தெரியல, அண்ணாச்சி."

"அப்ப குணமாயிட்டு."

அவிழ்த்ததும் வலி முன்னைவிட வேகமாக ஏறியது. தவசிக்கண்ணு அழுதேவிட்டான். இந்தப் பெண்ணும் போய்விட்டால் அப்புறம் அவனுக்கு யார்?

மேஸ்திரி யோசித்தார். "பந்தல்ல ஒரு கம்பு சாஞ்சா கண்ணுக்குத் தெரியும். எல்லாக் கம்பும் சாஞ்சா?"

"பந்தலே அப்படித்தான்னு நெனச்சிருவாக," என்றான் கொம்பையா.

வெள்ளிக்கிழமை மூவரும் கழுத்தை இடப்பக்கம் சாய்த்து, நொண்டிக்கொண்டே பெண் வீட்டுக்குள் நுழைந்தார்கள். பெண்ணின் அப்பா பதறி எழுந்தார்.

"எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான்," என்றார் மேஸ்திரி.

காபி கொண்டுவந்த கனியம்மாள் மூவரையும் பார்த்தாள். பிறகு, "பிடிச்சிருக்கு" என்றாள்.

கிளம்பும்போது கொம்பையா தவசிக்கண்ணுவின் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அலறினான். அடிப்பாகத்தைத் துளைத்து ஒரு ஜல்லிக்கல் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கி எடுத்தார்கள். நாலே நாளில் தவசிக்கண்ணுவின் கழுத்து நிமிர்ந்தது. ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தான்.

மேஸ்திரிக்குத்தான் முகம் வாடியது. "ஏலே, அந்தப் பொண்ணு சரின்னு சொன்னது சாஞ்ச கழுத்துக்காரனுக்கு. நீ நேரா போயி நின்னா, ஆளு மாறிட்டுன்னு கல்யாணத்த நிறுத்திர மாட்டாகளா?"

தவசிக்கண்ணுவுக்கு வேர்த்துக் கொட்டியது. நல்லவேளை, கொம்பையா அந்தக் கல்லைப் பத்திரமாக வைத்திருந்தான். மணவறையில் செருப்புப் போட முடியாதே என்று, கல்லைக் குதிகாலிலேயே வைத்துத் துணியால் கட்டினார்கள். முகூர்த்தத்துக்குள் கழுத்து பழையபடி சாய்ந்துவிட்டது.

கனியம்மாள் வந்தாள். அவள் கழுத்தும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தானாமே. ஒரு மாசமா பழகுதேன்," என்றாள் வெட்கத்துடன்.

தவசிக்கண்ணு அவளையே பார்த்தான். இப்படி ஒருத்தி தனக்கா!

போட்டோக்காரர் இருவரையும் நிமிர்த்திப் பார்த்துச் சலித்து, கேமராவைச் சாய்த்து எடுத்தார். படத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் நேராக நின்றார்கள். பின்னால் பந்தல் சாய்ந்திருந்தது.

கேமராவிலேயே அதைப் பார்த்த மேஸ்திரி துடித்துப்போனார். "டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாகல்லா, கோளாறு கால்லதான்னு!"

மணவறைக்கு ஓடி, மாப்பிள்ளை காலிலிருந்த கல்லை அவிழ்த்து எடுத்துவந்து, பந்தல்காலின் அடியில் வைத்து அடித்தார். அதுவரை நேராக நின்ற பந்தல் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.

மேஸ்திரி கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

"இப்ப சரி," என்றார்.