மெத்தைக் கம்பெனிக்காரர்கள் கண்ணாடி போட்டுச் செத்த கதை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது பூக்காரி அமிர்தவல்லி. போன மார்கழியில், காலைப் பூஜை முடிந்து பொங்கல் வாங்க வரிசையில் நிற்கும்போது சொன்னாள். சன்னதியில் நின்று சிரிக்கக் கூடாதே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன். அவள் கொஞ்சங்கூடச் சிரிக்காமல்தான் சொன்னாள். நானும் அப்படியே சொல்லப் பார்க்கிறேன்.

போடிக்குப் பக்கத்தில் கோணமரத்துப்பட்டி என்று ஒரு ஊர். அங்கே ஒரு இலவம்பஞ்சு மெத்தைக் கம்பெனி. முதலாளி தங்கமாயன் நல்ல மனுஷர். வேலை பார்க்கிறவர்களும் நல்லவர்கள்தான். சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். சொன்னதற்கு மேலே சொந்தமாக ஒரு அடியும் எடுத்து வைக்க மாட்டார்கள். கஷ்டமெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

ஒரு நாள் தீயணைப்பு அதிகாரி வந்து ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர்கள் மாட்டியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள்.

"இதை எடுத்து அடிக்க யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

"சாமியை எப்படிங்க அடிக்கிறது?" என்றான் பஞ்சு மெஷின் ஓட்டுகிற வீரணன்.

அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டார். "இது பஞ்சுக் கம்பெனி. ஒரு பொறி விழுந்தா ஊரே போயிடும். வர்ற வெள்ளிக்கிழமை வருவேன். ஒவ்வொரு ஆளும் என் கண்ணு முன்னால தீயை அணைச்சுக் காட்டணும். இல்லைன்னா கேட்டைப் பூட்டிச் சீல் வச்சிடுவேன்."

ஆவணி மாதக் கல்யாணத்துக்கு மெத்தை கேட்டு ஊரெல்லாம் அட்வான்ஸ் கொடுத்திருந்த நேரம். கேட்டைப் பூட்டினால் மெத்தையும் போகாது, இவர்கள் வீட்டில் அடுப்பும் எரியாது. முதலாளிக்கோ காசிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. மேனேஜர் ஜக்கையனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஜக்கையா, எப்படியாவது எல்லாருக்கும் பயிற்சி குடுத்துடு. கேட்டை மட்டும் சாத்த விட்றாதே. இன்னொண்ணு, பயிற்சி பயிற்சின்னு நெருப்போட விளையாடி ஒரு உயிரும் போயிடக் கூடாது."

"சரிங்கய்யா" என்றார் ஜக்கையன். அந்த நிமிஷத்திலிருந்து கேட்டைச் சாத்தவே இல்லை. ஊர் மாடெல்லாம் உள்ளே வந்து மெத்தையில் படுத்து அசைபோட்டுவிட்டுப் போயின.

பயிற்சி கொடுக்க இரண்டு பேர் வந்தார்கள். முதலாவது, தீயணைப்பு வண்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"தகரத் தட்டுல டீசல் ஊத்திப் பத்த வைப்பேன். ஆளுக்கொரு சிலிண்டர் தருவேன். நிஜ நெருப்புல பழகினாத்தான் பயம் போகும்."

"அந்த நெருப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்று வீரணன் கேட்டான்.

"எத்தனை நாளா? பத்து நிமிஷத்துல அணைஞ்சிடும்யா."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்து வந்தது மதுரையிலிருந்து திலீபன் என்ற பையன். கையில் நீச்சல்காரர் கண்ணாடி போல, ஆனால் நன்றாகப் பருத்த ஒரு கறுப்புக் கண்ணாடி. வி.ஆர். கண்ணாடியாம். "இதைத் தலையில மாட்டினா முன்னால தீ பத்தி எரியற மாதிரியே தெரியும். சுடாது, புகையாது. அணைச்சாலும் மறுபடி வரும். அஞ்சு வருஷம் கேரண்டி."

ஜக்கையன் ஆட்களைக் கூட்டிவைத்து யோசனை கேட்டார்.

"காசு குடுத்து வாங்குற நெருப்பு பத்து நிமிஷத்துல அணைஞ்சு போச்சுன்னா முதலாளிக்கு யாருப்பா பதில் சொல்றது?" என்று தானே ஆரம்பித்தார்.

"நம்ம மெத்தைக்கே ரெண்டு வருஷந்தான் கேரண்டி. அவரு நெருப்புக்கு அஞ்சு வருஷம் குடுக்காரு. தரமான நெருப்பாத்தான் இருக்கணும்" என்றான் வீரணன்.

உறை தைக்கிற பவுன்தாய்க்கு மட்டும் ஒரு சந்தேகம். "சுடாதுங்கிறாரே. சுடாட்டி அது என்னடா நெருப்பு?"

"நல்ல மெத்தை முதுகுல குத்துமா அக்கா? நல்ல நெருப்பும் அப்படித்தான்" என்றான் வீரணன்.

பவுன்தாய் யோசித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

ஆனாலும் அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எதுவாக இருந்தாலும் படுத்துப் பார்த்துத்தான் வாங்குவது. வீரணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு மெத்தையில் மல்லாந்து படுத்தான். திலீபன் பொத்தானைத் தட்டினான்.

"அய்யய்யோ! தீ! மூலையில தீ!"

எல்லாரும் நாலு மூலைக்கும் ஓடினார்கள். ஒன்றையும் காணோம்.

"எந்த மூலைடா?"

"கண்ணாடிக்குள்ள!"

ஜக்கையன் நிதானமாகக் கணக்குப் போட்டார். தீ கண்ணாடிக்குள்ளே. கண்ணாடி வீரணன் தலையிலே. அப்படியானால் தீ வீரணன் தலையிலே. பவுன்தாய் அதற்குள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டாள். திலீபன் பாய்ந்து கண்ணாடியைப் பிடுங்குவதற்கும் குடம் கவிழ்வதற்கும் சரியாக இருந்தது.

"அணைஞ்சுதாடா?"

"சுத்தமா அணைஞ்சிருச்சு" என்றான் வீரணன், மூக்கிலிருந்து தண்ணீரைச் சீந்திக்கொண்டே. "அருமையான நெருப்பு."

கண்ணாடியையே வாங்கினார்கள்.

புதன்கிழமை காலையில் திலீபன் எல்லாவற்றையும் ஏற்பாடு பண்ணிவிட்டுக் கம்பத்தில் வேறு வேலை இருக்கிறதென்று கிளம்பினான். போகும்போது சொன்னான்: "கண்ணாடிக்குள்ள ஒரு அம்மா பேசுவாங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அப்படியே கேளுங்க. எதிர்த்து ஒண்ணும் பேச வேண்டாம். நாளைக்கு மத்தியானம் வந்துடறேன்."

முதலில் உட்கார்ந்தவர் வாட்ச்மேன் ஒச்சப்பன். ரொம்ப மரியாதைக்காரர். கண்ணாடிக்குள் தீ எரிய ஆரம்பித்ததும் எழுந்து கைகட்டி நின்றார். "சிலிண்டரின் ஊசியை இழுங்கள்" என்றது அம்மா குரல். "உங்க முன்னாடி நான் எப்படிம்மா" என்று ஒச்சப்பன் கூச்சப்பட்டார். "விரைந்து செயல்படுங்கள்" என்றது குரல். ஒச்சப்பன் இன்னும் கொஞ்சம் குனிந்தார். அப்புறம் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"நான் செத்துட்டேன்ப்பா."

"யார் சொன்னது?"

"அந்தம்மாதான் சொன்னாங்க. 'தாமதித்துவிட்டீர்கள், நீங்கள் உயிரிழந்துவிட்டீர்கள்'னு. எதிர்த்துப் பேசக் கூடாதுன்னு தம்பி சொல்லியிருக்கே."

பவுன்தாய் அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். "மூச்சு வருதே!"

"அது பழக்கத்துல வருது அக்கா" என்றான் வீரணன். "இத்தனை வருஷமா விட்ட மூச்சு. சட்டுனு நின்னுடுமா?"

ஜக்கையன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஒரு உயிரும் போகக் கூடாது என்று முதலாளி படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உயிரும் போகக் கூடாது, கேட்டும் மூடக் கூடாதுன்னாரு. ஒண்ணு போச்சு. மிச்சம் இருக்கிற ஒண்ணையாவது காப்பாத்துவோம். அடுத்த ஆள் வாங்கப்பா."

ஒச்சப்பனை ஒரு மெத்தையில் கிடத்தினார்கள். தையல் விட்டுப்போன மெத்தை அது. அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"செத்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? வெளியூர் போற மெத்தையில போடுங்கப்பா."

மாற்றிப் போட்டார்கள்.

அடுத்து வீரணன் போனான், செத்தான். அவனுக்குப் பின்னால் பஞ்சு அடைக்கிறவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். போனவர்கள் எல்லாரும் செத்து வந்து வரிசையாகப் படுத்தார்கள். பவுன்தாய் ஒருத்திதான் தப்பினாள். எங்கே தீயைக் கண்டாலும் அணைத்துவிட்டு நகர்கிற கை அவளுக்கு. மேனேஜரும் செத்துவிட்டால் கேட்டை யார் பார்ப்பது என்று ஜக்கையன் கண்ணாடி பக்கமே போகவில்லை.

ஒச்சப்பன் சம்சாரத்துக்கு ஜக்கையன்தான் ஃபோன் பண்ணினார்.

"மதினி, மனசைத் தேத்திக்கங்க. அண்ணன் நம்மை விட்டுட்டுப் போயிட்டாரு."

"அவர்ட்ட குடுங்க" என்றாள் அவள்.

கொடுத்தார்.

"ஆமா புள்ள, நிஜந்தான்" என்றார் ஒச்சப்பன். "ஷெட்டுல எல்லாருக்கும் தெரியும்."

"அது கிடக்கட்டும். சாயங்காலம் சாப்பாட்டுக்கு வருவீரா மாட்டீரா? வந்தா அரைக் கிலோ சின்ன வெங்காயம் வாங்கிட்டு வாரும்."

நாலு மணிக்கு டீ வந்தது. செத்தவர்களுக்கு டீ உண்டா இல்லையா என்று ஒரு பேச்சு எழுந்தது.

"உசிரோட இருக்கிறவங்களுக்குத்தான் கம்பெனி டீ" என்றார் ஜக்கையன், கண்டிப்பாக.

"அப்ப படைச்சிடுங்க" என்றது மெத்தையிலிருந்து வீரணன் குரல். "படைச்சா நாங்களே வந்து எடுத்துக்கிறோம்."

பவுன்தாய் வாழையிலை விரித்து டீயையும் வடையையும் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டாள். கண்ணைத் திறந்து பார்த்தால் ஒரு வடைகூட இல்லை. புண்ணிய ஆத்மாக்கள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் திலீபன் வந்தான். ஷெட்டுக்குள்ளே வரிசையாக மெத்தை, மெத்தைக்கு மெத்தை ஆள், ஆளுக்கு ஆள் மாலை. பையன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். விஷயத்தைக் கேட்ட பிறகுதான் அவனுக்கு உயிர் வந்தது.

"அண்ணே, இதுக்கா இவ்வளவு? இந்தப் பொத்தானை அமுக்கினா எல்லாரும் புதுசா ஆரம்பிச்சுக்கலாம்."

ஒச்சப்பனுக்குக் கண்ணாடியை மாட்டிப் பொத்தானை அமுக்கினான். "புதியவரே, வருக! உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்றது குரல். திலீபன் அதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்திருந்தான்.

"மறுபிறப்பு" என்றார் ஜக்கையன், கையைக் கூப்பி.

"பிறந்த பிள்ளை தன் பேரைத் தானே சொல்லுமா? இருங்க" என்று பவுன்தாய் ஓடிப்போய்ச் சீனித்தண்ணி கரைத்து வந்தாள். பிறந்த பிள்ளைக்கு வைக்கிற சேனையாக ஒவ்வொருவர் நாக்கிலும் ஒரு சொட்டு வைத்து, காதில் மூன்று தடவை பெயர் சொன்னாள். ரேஷன் கார்டில் மாற்றுவது சிரமம் என்று பழைய பெயரையே வைத்தாள். வீரணன் மட்டும் வேறு நல்ல பெயர் கேட்டு அழுதான். பசிக்கு அழுகிறான் என்று இன்னும் இரண்டு சொட்டு விட்டாள்.

அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். பச்சைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும் அல்லவா? ஊசியை இழு, குழாயை நெருப்பின் அடிப்பக்கம் நீட்டு, கைப்பிடியை அமுக்கு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டு என்று திலீபன் சொல்லச் சொல்ல அத்தனை பேரும் கற்றுக்கொண்டார்கள். ஜக்கையனும் தைரியமாகக் கண்ணாடி மாட்டினார். சாயங்காலத்துக்குள் சாகிறவர் யாருமே இல்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். முற்றத்தில் தகரத் தட்டு வைத்து, டீசல் ஊற்றி நிஜமாகவே பற்ற வைத்தார். ஒச்சப்பன் முதல் கடைசி ஆள் வரை பிசகில்லாமல் அணைத்தார்கள். அதிகாரிக்கு நம்பவே முடியவில்லை.

"பிரமாதம்! பெரியவரே, எத்தனை வருஷமா இங்க வேலை பார்க்கறீங்க?"

"வருஷமா? நேத்துப் பிறந்தேங்க" என்றார் ஒச்சப்பன்.

அதிகாரி அவர் முதுகில் தட்டிச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சீல் வைக்கக் கொண்டுவந்த அரக்கையும் நூலையும் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஜக்கையன் வாசல் வரை வந்து கும்பிட்டு வழியனுப்பினார். கல்யாண மெத்தைகளை லாரியில் ஏற்றச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. திரும்பியபோது வாசல் சுவரில் இருந்த பலகையில் கண் பட்டது. எல்லாக் கம்பெனி வாசலிலும் மாட்டியிருப்பார்களே, அதுதான்: 'இங்கு குழந்தைத் தொழிலாளர்கள் யாரும் வேலை செய்யவில்லை.'

அவர் உள்ளே பார்த்துக் கத்தினார்.

"பவுனக்கா! இங்க வாங்க. நம்ம ஆளுகளுக்கு இப்ப என்ன வயசு?"

"நேத்து மத்தியானம் பிறந்ததுக. இன்னும் ஒரு நாள்கூட நிறையலையே."

"ஐயோ! பச்சப் பிள்ளைகளையா நெருப்புக்கு முன்னால நிறுத்தினோம்? போலீஸ் விடுமா? சாமிதான் விடுமா?"

இருவரும் அதைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார்கள். வேறு வழியே தெரியவில்லை. ஜக்கையன் ஜீப் போன திசையில் தலைதெறிக்க ஓடினார். "ஐயா! ஐயா! அந்தச் சீல் அரக்கைக் குடுத்துட்டுப் போங்கய்யா!" ஜீப் நிற்கவில்லை. திரும்பி வந்து, பிள்ளைகளையெல்லாம் மெத்தையில் படுக்கப் போட்டு, கேட்டைத் தானே இழுத்துச் சாத்திப் பெரிய பூட்டாகப் போட்டார். மெத்தை கேட்டு வந்த கல்யாண வீட்டுக்காரர்களிடம் கம்பிக்குள்ளே நின்றுகொண்டு, பதினெட்டு வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் தந்துவிடுகிறோம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று சாயங்காலம் காசியிலிருந்து முதலாளி ஃபோன் பண்ணினார்.

"ஜக்கையா, அதிகாரி வந்தாரா? நம்ம ஆளுக எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"எல்லாரும் தேறிட்டாங்கய்யா. நல்லா இருக்காங்க" என்றார் ஜக்கையன். "இன்னும் பல்லுதான் முளைக்கல."

நீங்கள் போடிப் பக்கம் பஸ்ஸில் போனால், கோணமரத்துப்பட்டி வரும்போது ஹாரன் அடிக்க வேண்டாம் என்று டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளைகள் தூங்குகிற நேரமாக இருக்கும்.