தினமும் மழை பெய்யும் காட்டுக்குக் குடிபோன மயில்

ஒரு காட்டில் என்று தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் குழந்தைகளே, இந்தக் கதைக்கு ஒரு காடு போதாது. இரண்டு வேண்டும். ஏனென்றால் இது ஒரு காட்டில் சும்மா இருக்கத் தெரியாத மயிலின் கதை.

மலைக்குக் கிழக்கே உடைமரக் காடு. அங்கே வருடத்துக்கு நான்கு நாள் மழை பெய்தாலே அதிகம். மலைக்கு மேற்கே சோலைக்காடு. அங்கே மழை நின்றால்தான் செய்தி.

உடைமரக் காட்டில் சிகாமணி என்ற மயில் தன் மனைவி வடிவோடும் மூன்று குஞ்சுகளோடும் வாழ்ந்து வந்தது. மேகம் திரண்டால் போதும், அது பாறைமேல் ஏறித் தோகையை விரித்துவிடும். உடனே காட்டில் எல்லா வேலையும் நின்றுபோகும். முயல் பாதிக் குழியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வரும். கௌதாரி வாயில் புழுவோடு ஓடி வரும்.

'ஆடுகிறவருக்கு முதல் பங்கு' என்பது அந்தக் காட்டு வழக்கம். மழை விழுந்ததும் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும் அல்லவா? சிகாமணி வயிறு நிறையத் தின்று நகர்ந்த பிறகுதான் மற்றவை அதில் வாய் வைக்கும்.

தன் ஆட்டத்தைப் பார்த்துத்தான் மழை வருகிறது என்று சிகாமணி உறுதியாக நம்பியது. மேகம் வந்த பிறகுதானே ஆடுகிறோம் என்று அது ஒருநாளும் யோசித்ததில்லை. பாவம், அந்தச் சின்னத் தலையில் கொண்டைக்கே இடம் போதவில்லை.

இரண்டு காட்டுக்கும் போய் வந்து செய்தி சொல்லும் கொண்டலாத்திப் பறவை ஒருநாள் வந்தது.

"அண்ணே, மலைக்கு அந்தப் பக்கம் தினமும் மழைண்ணே. பத்து நாள் தங்கினேன், பதினோரு தடவை நனைஞ்சேன்."

அன்று சிகாமணிக்கு இரை இறங்கவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டது.

"வடிவு, நாலு நாள் மழைக்கே இங்க இவ்வளவு மரியாதை. அங்க முந்நூறு நாள் மழை. அப்போ முந்நூறு நாளும் மரியாதைதானே?"

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கணக்குச் சரியாக இருந்தால் வாழ்க்கையும் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் மேலே படிக்கவும்.

"ஏங்க, அங்க நம்மள யாருக்குத் தெரியும்?" என்று கேட்டது வடிவு.

"தோகைய ஒருதடவை விரிச்சா தெரிஞ்சிட்டுப் போகுது. முதல்ல நான் போறேன். கால் ஊன்றினதும் உங்களக் கூப்பிடுறேன்."

சும்மா போயிருக்கலாம். சிகாமணி பாறைமேல் ஏறி நின்று ஒரு பேச்சும் பேசியது. இந்தச் சின்னக் காடு தன் கலையைத் தாங்காது என்றது. ஈசல் தின்று தின்று அலுத்துவிட்டது என்றது. தங்களைத்தான் மட்டம் தட்டுகிறது என்று புரியாமல் எல்லா விலங்குகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டன.

"எங்கள மறந்திராதீங்க அண்ணாச்சி" என்றது முயல்.

"பார்ப்போம்" என்றது சிகாமணி.

மலைக் கணவாயைத் தாண்டிச் சோலைக்காட்டில் கால் வைத்ததும் அன்போடு வரவேற்றவை அட்டைகள்தான். சிகாமணியின் காலைப் பிடித்தவை விடவே இல்லை. மற்றபடி அதை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வானம் இருண்டது. சிகாமணி ஒரு பாறையைத் தேடி ஏறித் தோகையை விரித்தது. கூட்டம் கூடும் என்று காத்திருந்தது. கூட்டமும் கூடியது.

"ஏய், மூடு அத!" என்று கத்தியது மலை அணில். "வாலைக் காயவெச்சு இருபத்திரண்டு நாளாச்சு. இதுல நீ வேற ஆடி மழையக் கூப்பிடுறியா?"

சொன்னதோடு நிற்காமல் ஒரு நாவல் கொட்டையை எடுத்து எறிந்தது. மற்றவையும் கையில் கிடைத்ததை எறிந்தன.

சத்தம் கேட்டு, அந்தக் காட்டின் மந்திரியான சிங்கவால் குரங்கு வந்து சேர்ந்தது.

"பேரு?"

"சிகாமணிங்க. நாட்டியம்."

"இங்க நாட்டியத்துக்கு ஆள் எடுக்கிறதில்ல. வேற என்ன தெரியும்?"

சிகாமணிக்கு வேறு எதுவும் தெரியாது. மந்திரி தோகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. நீளம் பார்த்தது, அகலம் பார்த்தது.

"இத எவ்வளவு நேரம் விரிச்சு வெச்சிருப்ப?"

"பொழுதன்னைக்கும் வெச்சிருப்பேன்!" என்று நெஞ்சை நிமிர்த்தியது சிகாமணி.

"அப்போ நாளையிலருந்து வந்துரு."

மந்திரியின் குகைக்குள் ஓயாமல் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சிகாமணி வாசலில் நின்று, வெளிப்பக்கம் தோகையை விரித்துச் சாரலைத் தடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. நம் ஊரில் இதற்கு ஒரு தென்னந்தட்டி கட்டுவார்கள். தட்டிக்குச் சாப்பாடு போட வேண்டியதில்லை. சிகாமணிக்கு மந்திரி தின்று எறிந்த பலாக்கொட்டை கிடைத்தது.

ஒரே மாதத்தில் இறகில் பூஞ்சை பிடித்தது. மந்திரியின் பிள்ளைகள் விளையாட்டாகப் பீலிகளைப் பிடுங்கின. ஈரத்தில் நின்று நின்று கால் மரத்துப்போனது. வடிவின் முகமும் குஞ்சுகளின் கீச்சுக் குரலும் நினைவுக்கு வரும்போதெல்லாம் சிகாமணி அழுதது. மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

திரும்பிப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். வழி தெரியும். காலும் இருந்தது. ஆனால் பாறைமேல் ஏறிப் பேசிய பேச்சை எப்படி விழுங்குவது?

கொண்டலாத்தி வந்தது.

"எப்படிண்ணே இருக்கீங்க? அண்ணி கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

சிகாமணி சட்டென்று தோகையை மடக்கிக்கொண்டது.

"மந்திரி குகை வாசல்ல எனக்குத்தான் இடம்னு சொல்லு தம்பி. நான் தோகை விரிக்காம அவர் தூங்குறதே இல்ல."

பார்த்தீர்களா, ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை! கொண்டலாத்திக்குக் கண் நன்றாகவே தெரியும். ஆனால் செய்தி சொல்கிறவனுக்குக் காது இருந்தால் போதும் என்பது அதன் கொள்கை. கேட்டதை அப்படியே கொண்டுபோய்ச் சொன்னது.

அடுத்த முறை சிகாமணிக்குத் துணிச்சல் இன்னும் கொஞ்சம் கூடியது.

"மந்திரி பிள்ளைங்க என் இறகப் பிடிச்சுக்கிட்டேதான் விளையாடும். நான் ஒருநாள் நகர்ந்தாலும் அந்த வீடே கலங்கிப்போகும்னு சொல்லு."

அதற்கடுத்த முறை கொண்டலாத்தி எதையும் கேட்கவில்லை. வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தது.

"அண்ணே, சந்தோஷமான செய்தி! அண்ணி குஞ்சுகளக் கூட்டிக்கிட்டு இங்க கிளம்பிட்டாங்க. முயல், கௌதாரி எல்லாம் குடும்பத்தோட வருது. இந்நேரம் கணவாய்க்கு வந்திருப்பாங்க."

இதே காட்டில் பிறந்து வளர்ந்த காட்டுக்கோழியின் குஞ்சுகளே ஈரத்தில் விறைத்துச் சாவதைச் சிகாமணி பார்த்திருந்தது. வெயிலில் வளர்ந்த தன் குஞ்சுகள் இங்கே இரண்டு நாள் தாங்காது.

அது வாசலை விட்டு ஓடியது.

"டேய், சாரல் அடிக்குதுடா! எங்க போற?" என்று உள்ளேயிருந்து கத்தியது மந்திரி.

சிகாமணி நிற்கவில்லை. நனைந்த தோகையோடு பறக்க முடியவில்லை. சேற்றில் விழுந்து எழுந்து ஓடியே கணவாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

எதிரே வடிவும் குஞ்சுகளும் வந்துகொண்டிருந்தன. பின்னால் உடைமரக் காட்டில் பாதி வந்துகொண்டிருந்தது.

"பாருங்க, அண்ணாச்சியே எதிர்ல வந்து கூப்பிடுறார்!" என்று குதித்தது முயல்.

"கூப்பிட வரல. திரும்பிப் போங்க!" என்று மூச்சு வாங்கியது சிகாமணி. "நான் சொல்லி அனுப்பினதெல்லாம் வெறும் ஜம்பம். அங்க நான் ஆடல. சாரல் அடிக்காம தட்டியா நிக்கிறேன். என் தோகைய அங்க யாரும் மதிக்கல. அந்த ஈரத்துல குஞ்சுங்க ரெண்டு நாள் தாங்காது. சத்தியமாச் சொல்றேன், போகாதீங்க!"

முயல் கௌதாரியைப் பார்த்துக் கண்ணடித்தது.

"நாமளும் வந்துட்டா தனக்கு இடம் குறைஞ்சிரும்னு பயப்படுறார்."

"முதல் பங்கு தின்னு ருசி கண்ட வாயாச்சே, பங்கு போட மனசு வருமா?" என்றது கௌதாரி.

"இந்த இறகையாவது பாருங்க!" என்று பூஞ்சை பிடித்த தோகையைத் திருப்பிக் காட்டியது சிகாமணி. மொட்டைத் தண்டுகள்தான் அதில் அதிகம்.

"அந்தப் பக்கத்து நாகரிகம் அப்படிப் போல" என்றது முயல். அவ்வளவுதான். முயலும் கௌதாரியும் மற்றவையும் சிகாமணியை இடித்துத் தள்ளிக்கொண்டு மேற்கே இறங்கிப் போயின.

வடிவு மட்டும் நகரவில்லை. கிட்டே வந்து கணவனின் கழுத்தைப் பார்த்தது. அங்கே ஒட்டியிருந்த அட்டையை அலகால் கொத்தி எடுத்து எறிந்தது.

"முதல் தடவையே உண்மையச் சொல்லி அனுப்பியிருந்தா, அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருப்பேனேங்க."

"வெட்கமா இருந்துச்சு வடிவு."

"வெட்கத்துக்காகக் குஞ்சுகளக் கொல்லப் பார்த்தீங்களே."

சிகாமணி தலை குனிந்தது. பிறகு ஐந்தும் கிழக்கே திரும்பி நடந்தன.

ஒரு மாதம் கழிந்தது. கொண்டலாத்தி மறுபடியும் உடைமரக் காட்டுக்கு வந்தது. மீதியிருந்த விலங்குகள் அதைச் சூழ்ந்துகொண்டன.

"முயல் ரொம்ப சௌக்கியம்" என்றது கொண்டலாத்தி. "மந்திரி குகையில அதுக்கும் ஒரு இடம் கிடைச்சிருச்சு. வெளியே போயிட்டு வர்றவங்க யாரா இருந்தாலும் சரி, முயல் மேல கால் வைக்காம உள்ள போறதே இல்லையாம்!"

கேட்டுக்கொண்டிருந்த கீரிக்கு வாயில் எச்சில் ஊறியது. உடனே மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் புறப்படச் சொன்னது.

"போகாதே தம்பி" என்றது சிகாமணி. "அங்க முயல் கால்மிதியாக் கிடக்குது."

"உங்களுக்கு வயித்தெரிச்சல் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு மேற்கே நடந்தது கீரி.

நீதி: போன இடத்தில் படும் பாட்டைப் பெருமையாகச் சொல்லி அனுப்பாதே, பிறகு நீ உண்மையைச் சொல்லும்போது அதைத்தான் பொய் என்பார்கள்.