மறுவீடு எப்போ?

அருப்புக்கோட்டையில் பரிபூரணம் என்று ஒருத்தி இருந்தாள். அவள் வேலை பார்த்த நூல் மில்லை ஒருநாள் மூடிவிட்டார்கள். கணக்குத் தீர்த்துக் கொடுத்ததில் கடனெல்லாம் அடைத்தது போக ஒரு நோட்டுக்கட்டு மிஞ்சியது. அதை மஞ்சப்பையில் சுற்றி பீரோவுக்குள் வைத்தாள். கட்டுப்பணமும் வயசுப்பெண் மாதிரிதான், வீட்டில் வைத்திருக்கிறவளுக்குத் தூக்கம் வருமா? அவளுக்கும் வரவில்லை.

"சும்மா கிடந்தா கரைஞ்சு போயிரும். நல்ல தொழிலாப் பாத்துக் கட்டிக் குடுத்துருவோம்," என்றான் அவள் புருஷன் குருவலிங்கம்.

மஞ்சப்பைக்குப் பெற்ற தாயின் பயம் வந்தது. கட்டை மடியில் வைத்துக் காப்பாற்றி வந்தது அதுதான். இது போனால் இன்னொன்று வராது, மில்லுதான் மூடியாச்சே. பக்கத்து வீட்டுப் பணத்தின் கதையும் அதற்குத் தெரியும். போன வருஷம் அது காளான் வளர்ப்போடு மேளதாளமாகப் போனது. காளான் அழுகியது, பணம் வீடு திரும்பவேயில்லை. அந்த வீட்டுப் பை இப்போது கறிவேப்பிலை வாங்கப் போய்வருகிறது.

தரகர் வேலையைக் குருவலிங்கத்தின் செல்போன் எடுத்துக்கொண்டது. யாரும் அதைக் கேட்கவில்லை. விடிந்ததும், "மாசம் லட்ச ரூபா சம்பாதிக்கிற மாப்பிள்ளை, பாக்குறீங்களா?" என்று ஆரம்பித்துவிடும்.

"உனக்குத் தரகு எவ்வளவு?" என்று கேட்டது மஞ்சப்பை.

"தரகெல்லாம் எதுக்குக்கா? ரீசார்ஜ் மட்டும் பண்ணிவிடச் சொல்லுங்க, போதும்."

ஒரு வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரச் சொன்னார்கள். வருகிறவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே. முந்தின நாள் இட்லி மாவு மிச்சம் இருந்தது. பரிபூரணம் வெங்காயமும் பச்சைமிளகாயும் தாளித்துக் கொட்டி, பணியாரச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். கட்டு தலை குனிந்து தாம்பாளத்தில் உட்கார்ந்தது.

முதலில் வந்தது டீ பாய்லர். நெற்றியில் பட்டை விபூதி, நடுவில் குங்குமம். உட்காரும்போதே புஸ்ஸென்று ஆவி விட்டது.

"பஸ் ஸ்டாண்டு ரோட்டுல என் அண்ணன்மாரு நாலு பேரு இருக்காங்க. நாலு பேருக்கும் டீக்கடைதான். நானும் வந்தா அஞ்சு," என்றது பெருமையாக.

"அஞ்சு பேரும் டீ போட்டா, குடிக்கிறது யாரு?" என்று கட்டு கேட்டுவிட்டது.

குருவலிங்கம் அதை முறைத்தான். பொம்பளைப்பிள்ளை சபையில் இப்படியா வாயாடுவது?

"அவங்களுக்கு ஓடுதுல்ல, எனக்கும் ஓடும்," என்றது பாய்லர்.

மஞ்சப்பை மெதுவாகக் கேட்டது. "மாப்பிள்ள, மறுவீட்டுக்கு எம்பொண்ணு எப்ப வருவா?"

நியாயமான கேள்விதானே. எந்த ஊரிலும் கல்யாணம் முடிந்த கையோடு பெண் ஒருதரம் தாய்வீட்டுக்கு வருவாளா இல்லையா?

"கடைக்கு அட்வான்ஸ் குடுக்கணும், பெஞ்சு வாங்கணும், போர்டு மாட்டணும். ஒரு மூணு வருசம் போகட்டும், பாப்போம்," என்ற பாய்லர் தட்டை நீட்டியது. "இன்னும் ரெண்டு பணியாரம் வைங்கம்மா."

அடுத்து ஜெராக்ஸ் மெஷின் வந்தது. மாப்பிள்ளைக்கு வெயில் ஆகாதாம். ஏசி ரூம் வேண்டுமாம். மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டது.

"மறுவீட்டுக்கு அவளே வரணுமா என்ன? அச்சு அசலா ஒரு காப்பி எடுத்து அனுப்பி வைக்கிறேன்," என்றது. அதைப் பெரிய மனசு என்று வேறு நினைத்துக்கொண்டது. பேசிக்கொண்டே சட்னியை வழித்து வழித்துச் சாப்பிட்டது.

கடைசியாகக் காடைக்கூண்டு கீச்சுகீச்சென்ற சத்தத்தோடு வந்து இறங்கியது. "ஆறே மாசம். உங்க பொண்ணு பிள்ளைகுட்டியோட வந்து நிப்பா. ஒண்ணு நூறாயிரும்," என்றது.

"நடுவுல நோய்நொடி ஏதாவது வந்தா?" என்று கேட்டது மஞ்சப்பை.

கூண்டுக்குள் அத்தனை நேரம் இருந்த இரைச்சல் பட்டென்று நின்றது. "பிள்ளைகளுக்கு ரெண்டு பணியாரம் பார்சல் கிடைக்குமா?" என்று கேட்டது கூண்டு.

எல்லாரும் போய்த் தகவல் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"பாய்லர் நல்ல இடம். நாலு பேரு நடத்துற தொழிலு, நம்பி இறங்கலாம். நாளைக்கே அட்வான்ஸ் குடுத்துருவோம்," என்றான் குருவலிங்கம். செல்போன் அதற்கு ஒரு பாட்டுப் போட்டது.

"எனக்குப் பயமா இருக்கு," என்றது கட்டு. மஞ்சப்பை அதை இறுக்கிக்கொண்டு அழுதது. பாவம், அதனால் வேறு என்ன செய்ய முடியும்?

காலையிலிருந்து பரிபூரணம் ஒரு வாய் சாப்பிடவில்லை. தட்டுகளை எடுக்கப் போனால் ஒன்றிலும் ஒரு துண்டு இல்லை.

"ஏங்க, வந்தவங்க பொண்ணப் பாத்தாங்களா, தட்டப் பாத்தாங்களா?" என்றாள்.

அப்போது அடுப்படியிலிருந்து பணியாரச் சட்டி தயங்கித் தயங்கிப் பேசியது.

"நான் கறுப்பு. மூஞ்சி பூராக் குழி. பொண்ணு கேக்குற யோக்கியத எனக்கு இல்ல. ஆனாலும் கேக்குறேன். முழுக்கட்டும் வேணாம். அரிசி, உளுந்து, எண்ணெய் வாங்க நாலு நோட்டு மட்டும் என்கூட வரட்டும். மத்தவங்க அம்மா மடியிலயே இருக்கட்டும்."

மஞ்சப்பை கண்ணைத் துடைத்துக்கொண்டது. "மறுவீடு?"

"அரிசி ஊறணும், மாவு புளிக்கணும். நாளைக்குச் சாயங்காலம் கொண்டாந்து விட்டுருவேன்."

"விக்கலேன்னா?"

"விக்கலேன்னா ரெண்டு நாளைக்கு எல்லாரும் பணியாரமாத் திங்கணும். போனது நாலு நோட்டு. மிச்சப்பேரு பத்திரமா இருப்பாங்க."

குருவலிங்கத்துக்கு மனசு ஒப்பவில்லை. "தொழில்னா ஒரு மரியாத வேணாமா? ஒரு போர்டு உண்டா, ரிப்பன் வெட்டுறது உண்டா?"

"மில்லுல போர்டு பெருசாத்தாங்க இருந்துச்சு," என்றாள் பரிபூரணம். நாலு நோட்டை உருவிக்கொண்டு அப்போதே அரிசிக்கடைக்குக் கிளம்பினாள்.

மறுநாள் மத்தியானம் பரிபூரணம் அடுப்பும் சட்டியுமாகக் கிளம்பிப்போய், பஸ் ஸ்டாண்டு ரோட்டில் அந்த நாலு டீக்கடைக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மாவு வாளியைத் தூக்கிக்கொண்டு குருவலிங்கமும் போனான், தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று துண்டால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு.

வீட்டில் மஞ்சப்பைக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாலு பேர் போன இடம் மடியில் வெறுமையாக இருந்தது. வெயில் தாழ்ந்தது. தெருவிளக்குப் போட்டார்கள். ஒருவரையும் காணோம்.

சார்ஜில் கிடந்த செல்போன் மெல்லக் கனைத்தது. "போனது போனதுதான்க்கா. மனசத் தேத்திக்கோங்க. அமோகமான இடம் ஒண்ணு வந்திருக்கு. மாப்பிள்ளை யாருன்னு யாரும் நேர்ல பாத்ததில்ல, ஆனா வசதியானவரு."

"மறுவீட்டுக்கு அனுப்புவாரா?"

"அது ஆன்லைன்லயே பாத்துக்கலாம்."

மஞ்சப்பை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

அப்போது கதவு திறந்தது. காலி வாளியோடு குருவலிங்கம் உள்ளே வந்தான். துண்டு முகத்தில் இல்லை, தோளில் கிடந்தது. பின்னால் பரிபூரணம் வந்து, மடியை அவிழ்த்து மஞ்சப்பைக்குள் கொட்டினாள்.

மஞ்சப்பை திகைத்துப் போனது. போனது சலவை நோட்டு நாலு. வந்ததோ பத்தும் இருபதுமாகக் கசங்கின கூட்டம், கூடவே கலகலவென்று சில்லறைப் பிள்ளைகள்.

"எம்பொண்ணுக எங்க?"

"இவங்கதான்," என்றது சட்டி. வெளியே போய் உழைத்தவர்களுக்கு உரு மாறத்தானே செய்யும். "எண்ணிப் பாத்துக்கோங்க. நாலு பேரும் வந்தாச்சு. கூட வந்திருக்கிறது பேரப்பிள்ளைக."

பரிபூரணம் ஒரு நோட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "ஏங்க, இதுல எண்ணெய் பட்டுருச்சே."

குருவலிங்கம் அதை வாங்கி, வேட்டி முனையில் துடைத்து, மஞ்சப்பைக்குள் பதமாக வைத்தான்.

"பட்டா என்ன பூரணம், வீடு வந்து சேந்துருச்சுல்ல."